எழுந்து நிற்கும்போது என்ன ஆகிறது

ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் மருத்துவ முகாம் போட்டாலும், மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெண்களில் சிலர் கையை நீட்டும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "நர்ஸம்மா, எனக்கு லோ பிரஷரு." யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால், மூத்த பிள்ளைக்கு மாசமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்பார்கள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்த எண். அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் ஆகியிருக்கும். அம்மா இன்னும் அந்த எண்ணை ஒரு வியாதியாகச் சுமந்துகொண்டிருப்பார்.

மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். நர்ஸ் வேலையில் பெரும்பகுதி பி.பி. பார்ப்பதுதான். பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பிரஷர் குறைவு என்று வருகிறவரிடம் கேட்க வேண்டியது எண்ணை மட்டுமல்ல. அந்த எண் அவருக்குப் பழகியதா, புதிதா? உட்கார்ந்திருக்கும்போது இருப்பது எழுந்து நின்றால் என்ன ஆகிறது? குறைகிறது என்றால் உடம்பிலிருந்து எது குறைந்துபோனது? இவற்றைக் கேட்காமல் "லோ பிரஷர், உப்புப் போட்டுச் சாப்பிடு" என்று அனுப்பிவிடுவது வைத்தியமே அல்ல.

மேல் எண் 120, கீழ் எண் 80 என்பதைச் சாதாரணம் என்கிறோம். 90-க்கு 60 என்பதற்குக் கீழே போனால் குறைவு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இளவயதில், ஒல்லியான உடம்போடு, நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்யும் எத்தனையோ பெண்களுக்கு வாழ்நாள் முழுவதும் 90-க்கு 60தான் இருக்கும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று தண்ணீர் சுமந்துவிட்டு வந்து நிற்பவருக்கும் அதே எண்தான். தலைச்சுற்று இல்லை, கண் இருட்டவில்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் அது அவருடைய உடம்பின் வாகு. அதற்கு மாத்திரையும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். வருஷக் கணக்கில் 150 இருந்த ஒருவருக்கு இன்று காலை 105 என்றால், எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று விடவும் முடியாது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

படுத்திருந்தவர் எழுந்து நிற்கிறார். அந்தக் கணத்தில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் இருக்கும் நரம்பு முனைகள் அழுத்தம் இறங்குவதை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் குழாய்களில் தண்ணீரும் உப்பும் போதுமான அளவு இருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் அடியில் கிடந்தால் தெருக்கோடிக் குழாய் எவ்வளவு திருகினாலும் சொட்டத்தான் செய்யும். நின்றுகொண்டிருப்பவருக்குத் தெருக்கோடி வீடு மூளை.

இதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது பாசிக்குப் போகும் பெண்களிடம்தான். பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடிப் பக்கம் வரை, விடியும் முன் வத்தை என்கிற சிறு படகில் ஏறி, இடுப்பளவு, கழுத்தளவு நீரில் இறங்கிக் கடல்பாசி பறிப்பவர்கள் அவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிக்குப் பாசி பெயர் வைத்திருப்பார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, ஒரு கைப்பிடி பறித்து மேலே வந்து, மறுபடியும் முங்குவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்த பிறகு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்ற கவலையும் இவர்களோடு சேர்ந்து வத்தையில் ஏறிக்கொள்கிறது. பெரும்பாலும் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டு முங்கினால் குமட்டும் என்பார்கள்.

இவர்களில் பலரும் சொல்வது ஒன்றே: "தண்ணிக்குள்ள இருக்க மட்டும் ஒண்ணும் தெரியலம்மா. வத்தையில ஏறி நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது." ஊரில் இதற்குப் பித்தம் என்றும், தீவுக் காற்று அடித்துவிட்டது என்றும் காரணம் சொல்வார்கள். காரணம் கடல் நீருக்குள்தான் இருக்கிறது. கழுத்தளவு நீரில் நிற்கும்போது கடலின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் சுற்றிலும் அமுக்குகிறது. அங்கே இருக்கும் ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுக்குள் ஏறிவிடுகிறது. இதயம் நிறைந்து விரிவதால், உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் நீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது. தாகமும் எடுக்காது. இப்படி நாலைந்து மணி நேரம். பிறகு ஒரே எட்டில் வத்தையின் விளிம்பைப் பிடித்து ஏறி, பாசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அதுவரை அமுக்கிப் பிடித்திருந்த கடல் விலகியதும் ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்குகிறது. உள்ளே நீரோ குறைந்துபோயிருக்கிறது. கடலில் வெகுநேரம் தத்தளித்தவரை மீட்கும்போது செங்குத்தாகத் தூக்காதே, படுத்த வாக்கில் தூக்கு என்று மீட்புப் படையினருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

அதனால் அவர்களிடம் நான் சொன்னது சாதாரண விஷயங்கள். ஏறுவதற்கு முன் இடுப்பளவு நீரில் கொஞ்ச நேரம் நின்று காலை அசைத்துக்கொண்டிருங்கள். ஏறியதும் நிற்காதீர்கள், உட்காருங்கள். போகும்போதே உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு குடித்துவிட்டுப் போங்கள், வத்தையில் ஒரு தூக்குவாளி கஞ்சித்தண்ணீர் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒருவரும் தலையாட்டவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ராமேஸ்வரத்தில் மயக்கம் வேறு விதமாக வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முதலுதவி மேசையில் இருந்திருக்கிறேன். விரதம், இரவு முழுக்க ரயிலிலோ பஸ்ஸிலோ தூக்கமில்லாத பயணம், அதிகாலையில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், தர்ப்பணம், பிறகு ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்றின் மேல் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்ற ஊற்ற உடம்பு நடுங்கும். கோடி தீர்த்தம் முடிந்து, துணி மாற்றி, தரிசன வரிசையில் நிற்கும்போதுதான் பலர் சரிவார்கள். நடந்துகொண்டிருக்கும்வரை கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பிக்கொண்டிருக்கும். வரிசையில் அசையாமல் நிற்கும்போது அந்த உதவியும் நின்றுபோகிறது. சிலருக்கு அந்த நேரத்தில் நரம்பு மண்டலம் தடம் மாறி, இதயத் துடிப்பைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும். முகம் வெளிறும், கொட்டாவி வரும், வியர்க்கும், காதில் இரைச்சல் கேட்கும். பிறகு விழுந்துவிடுவார்கள்.

விழுந்த பிறகு சுற்றியிருப்பவர்கள் செய்வதுதான் என்னைப் பதறவைக்கும். வடநாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவரை இரண்டு மகன்களும் இரண்டு பக்கமும் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். பெரியவரின் தலை மார்பில் தொங்குகிறது. கை இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. உடனே கூட்டத்தில் ஒருவர் வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப்போனார். நிமிர்த்திப் பிடித்திருக்கும்வரை மூளைக்கு ரத்தம் ஏறாது. அந்த இழுப்பும் அதனால் வந்ததே. யாத்திரைக்கு வருபவர்களுக்காகவே நான் கற்றுவைத்திருந்த இந்தியில், "லிடா தீஜியே, பைர் ஊபர்" என்று கத்தினேன். கல்தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்துக்கொண்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார்.

மயங்கியவரைப் படுக்க வையுங்கள். நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். முழு நினைவு வரும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். ஓரிரு நிமிஷத்தில் தெளியவில்லை, நெஞ்சு வலிக்கிறது, வாய் குழறுகிறது, விழுந்ததில் தலையில் அடி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் உடனே எழுப்பாதீர்கள். எழுந்த வேகத்தில் இரண்டாவது முறை விழுந்து மண்டை உடைந்தவர்கள் உண்டு.

அந்தப் பெரியவரின் மகன் ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை; அதில் ஒன்று நீரைப் பிரிக்கும் மாத்திரை. பயணத்தில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர், மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார்.

இந்த மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, மீனவக் குடியிருப்புகளில் கடைசித் தெருவரை பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே போய்ச் சேர்கின்றன. அதற்கு முன் பாதிப்பேர் மாத்திரையே போடாமல் பக்கவாதத்தில் விழுந்ததைப் பார்த்தவள் என்பதால், இந்தத் திட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பல வீடுகளில் வெளியூர் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் இருக்கிறது, அரசு மாத்திரையும் இருக்கிறது. அட்டை வேறு, நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. உள்ளே இருப்பது இரண்டிலும் அதே அம்லோடிபின். "இது பெரியாஸ்பத்திரி மாத்திரை, இது ஊட்டுக்கு வர்ற மாத்திரை" என்று காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகப் போட்டுக்கொள்வார்கள். இதோடு வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போவதற்கென்று புராஸ்டேட் மாத்திரை ஒன்று சேரும். அதுவும் ரத்தக் குழாயைத் தளர்த்தும் சாதிதான்.

மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவப் பெரியவர். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து, வாசப்படியில் விழுந்து, நெற்றியில் தையலோடு வந்தார். உட்காரவைத்துப் பார்த்தால் 134-க்கு 80. பி.பி. எழுதும் அட்டையில் மாதாமாதம் இதே மாதிரி நல்ல எண்ணாகத்தான் எழுதியிருந்தது. ஐந்து நிமிஷம் படுக்கவைத்துப் பார்த்தேன். எழுப்பி நிறுத்தி ஒரு நிமிஷத்தில் பார்த்தேன், மூன்று நிமிஷத்தில் பார்த்தேன். மேல் எண் 102-க்கு இறங்கியிருந்தது. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது எழுந்தால் இறங்கும் பிரஷர். வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்து நரம்பு கெட்டுப்போனவர்களுக்கும் இது வரும். டாக்டர் அவருடைய மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்து இரட்டையை நீக்கினார், மற்றதை நேரம் மாற்றிக்கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள்ளச் சொன்னோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் முறையை இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896-இல் கொண்டுவந்தார். மணிக்கட்டு நாடி எப்போது நின்று எப்போது திரும்புகிறது என்று விரலால் பார்த்துத்தான் அவர் அளந்தார். ஸ்டெத்தை முழங்கை மடிப்பில் வைத்துச் சத்தத்தைக் கேட்கும் முறை ரஷ்ய ராணுவ டாக்டர் கொரோட்கோஃப் 1905-இல் சொன்னது. கோயில் மேளமும் கூட்ட இரைச்சலும் நடுவே ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காது. அங்கே நான் ரீவா-ரோச்சியின் பழைய முறைக்கே போய்விடுவேன். மேல் எண் மட்டும்தான் கிடைக்கும், ஆனால் அவசரத்துக்கு அது போதும். டிஜிட்டல் மெஷின் வீட்டுக்கு நல்லது. நாடி மெலிந்து கிடக்கும் ஆளிடம் மட்டும் அதை நம்பாதீர்கள். பிழை காட்டும், இல்லாவிட்டால் பொருந்தாத எண்ணைக் காட்டும். விரல் நுனி பொய் சொல்லாது.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி ஊர்களில் நோன்பு மாதத்தில் மயக்கம் ஒரு தனி வகையாக வரும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்து, மஃரிபுக்கு நோன்பு திறந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, இரவில் நீண்ட தராவீஹ் தொழுகைக்கு நிற்பார்கள். சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்கு ஓடுகிறது. வயதானவர்களுக்கு அதனாலேயே பிரஷர் இறங்கும். தரையில் நெற்றி வைக்கும் சுஜூதிலிருந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். "உம்மா, நோன்பு கஞ்சியை ரெண்டு கோப்பை குடிங்க, பொரிச்சதைக் குறைங்க, நீர் பிரியிற மாத்திரைய எப்ப போடணும்னு ரமலானுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டுக்கங்க" என்பேன். அந்தக் கஞ்சியில் நீர், உப்பு, அரிசி, பருப்பு எல்லாம் இருக்கிறது.

இதுவரை சொன்னவையெல்லாம் காரணம் தெரிந்தால் சரிசெய்துவிடக்கூடியவை. காரணம் ஒளிந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற ஆள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, புகையவிட்டுக் கரியாக்கும் வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மாதக்கணக்காகச் சோர்வு, எடைக் குறைவு, அவ்வப்போது வாந்தி, எழுந்தால் மயக்கம். பிரஷர் 84-க்கு 50. போன இடங்களிலெல்லாம் லோ பிரஷர் என்று சொல்லிப் பாட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஏற்றிய அன்றைக்குத் தெம்பாக இருக்கும், பிறகு பழையபடிதான். அவருடைய மனைவி போகிறபோக்கில் சொன்னார்: "உப்புக்கல்லா அள்ளி வாயில போட்டுக்கறாரும்மா. சட்டியில வைக்க விடமாட்டேங்கறாரு."

அப்போதிருந்த டாக்டர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ரேகைகளைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தார். எல்லாம் கறுத்திருந்தது. கரி வேலை, வெயில் வேலை. நம் ஊரில் கறுத்துப்போனதை யார் கவனிக்கிறார்கள்? வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டு, அதிலிருந்த பழைய படத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நிறம் அவ்வளவு மாறியிருந்தது. முன்பு எப்போதோ காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார். சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டுப்போயிருக்கலாம் என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதுவேதான். உப்பை உடம்பில் பிடித்துவைக்கும் சுரப்பு அவருக்கு நின்றுபோயிருந்தது. லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த வியாதி இது; காசநோய் இன்னும் விட்டுப்போகாத நம் நாட்டில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, வாழ்நாள் முழுக்க. ஒரு நாளும் தானாக நிறுத்தக்கூடாது. காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சில மாதங்களில் அந்த மனிதர் பழையபடி விறகு பிளந்தார். அந்த ஒரு வாக்கியத்தை மனைவி சொல்லாமல் இருந்திருந்தால், எத்தனை பாட்டில் ஏற்றியும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

பிரஷர் இறங்குவது கடைசியில்தான் தெரியும் என்கிற இடங்களும் உண்டு. எனக்குப் பயம் அங்கேதான். பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமானால், கர்ப்பத்தில் கூடியிருந்த ரத்தமும் இளவயது உடம்பும் சேர்ந்து நெடுநேரம் பிரஷரைத் தாங்கிப் பிடித்திருக்கும். எண் 110 காட்டும். நாடி மட்டும் 110, 120 என்று ஓடும். நாடி எண்ணும் மேல் பிரஷர் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டாலே ஆபத்து. பிரஷர் விழட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ரயில் வந்தால்தான் கரை சேரலாம். மூத்த நர்ஸுகள் அந்தக் காலத்துப் பிரசவங்களைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கும். நிறைமாதப் பெண் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய நாளத்தை அமுக்கிப் பிரஷர் இறங்குவது வேறு விஷயம். இடதுபக்கம் ஒருக்களித்தால் சரியாகிவிடும்.

டெங்குவிலும் இப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் தாய்க்கு நிம்மதி. எங்களுக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிள்ளைக்கு 100-க்கு 82 என்று வந்தால், 100 இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாது. இரண்டு எண்ணுக்கும் நடுவே வழக்கமாக 40 அளவில் இடைவெளி இருக்க வேண்டும். அது 20-க்குச் சுருங்கினாலே உடம்பு அதிர்ச்சி நிலைக்குள் போகிறது என்று அர்த்தம். கை கால் சில்லிட்டிருக்கும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, பிள்ளை சோர்ந்து கிடக்கும், சிறுநீர் போயிருக்காது. நகத்தை அமுக்கி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகும். அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

வியர்த்துக் கொட்டி, வாந்தியோடு, பிரஷர் இறங்கி உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு "வாயு, லோ பிரஷரு" என்று சோடா வாங்கிக் கொடுப்பதும் நம் பழக்கம். அது மாரடைப்பாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் யாரோ வைத்திருக்கும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வாங்கி வைப்பது அதைவிட மோசம். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருக்கும்போது அது இன்னும் இறக்கிவிடும்.

பாட்டிலுக்கு வருவோம். "ஒரு பாட்டில் ஏத்துங்க நர்ஸம்மா, தெம்பா இருக்கும்" என்று கேட்காத நாள் இல்லை. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, உப்பு துளியும் இல்லை. அரை லிட்டர் உப்புத்தண்ணீர் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இரண்டையும் நரம்பில் ஏற்ற ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. வங்கதேசப் போர் நடந்த 1971-இல், மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலராவால் நாடி விழுந்துகொண்டிருந்த ஜனத்துக்கு ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கவைத்தார். பிழைத்தவர்கள் ஏராளம். அதன் வாரிசுதான் இன்று எல்லா சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு முழுப் பொட்டலம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கக்கூடாது. பிரஷர் அதிகமுள்ளவர், சிறுநீரகமோ இதயமோ பழுதானவர் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இன்னொன்று, சோர்வெல்லாம் பிரஷர் அல்ல. முகாமுக்கு வரும் பெண்களில் பலருக்கு ஹீமோகுளோபின்தான் குறைவு. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். உப்பு உதவாது.

பாசிப் பெண்கள் கஞ்சித்தண்ணீருக்குத் தலையாட்டாத காரணத்தை இப்போது சொல்கிறேன். "குடிச்சா ஒதுங்கணும்லம்மா. வத்தையில ஆம்பளைகளும் இருக்காக. கரைக்கு வந்தாலும் எங்கிட்டு ஒதுங்கறது?" வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலும் இதே பதில்தான். வெட்டவெளி, கண்ணுக்கெட்டியவரை பாத்தி, ஒரு புதர் கிடையாது. காலையில் பாத்தியில் இறங்கும் பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொண்டை நனையும் அளவுக்குத்தான் குடிக்கிறாள். உப்பு வாருகிறவளுக்கு உடம்பில் உப்பும் நீரும் குறைந்துபோகிறது. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, மயக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவர்களுக்கு லோ பிரஷர் என்று அட்டையில் எழுதும் ஒவ்வொரு முறையும், கழிப்பறை இல்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வத்தை கரையேறும் இடத்தில் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு பெண்கள் கழிப்பறை, உப்பளத்தில் நடந்து போகும் தூரத்தில் ஒன்று, நிழலுக்கு ஒரு கொட்டகை, ஒரு குடிதண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான் கேட்கிறோம். கிராம சபையில் பேசும்போது பெண்களே எழுந்து, "எங்களுக்குத் தண்ணி குடிக்கணும், அதுக்குத்தான் கக்கூசு கேக்குறோம்" என்று சொன்னார்கள். மனு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் அக்டோபர் 2-இல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் அன்றைக்கு நானும் போகிறேன்; மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண்கள், உட்கார்ந்தும் நின்றும் பார்த்து எழுதிய பி.பி. எண்களை ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டையும் மனுவோடு கொடுக்கப்போகிறோம்.